டப்ளினில் ஓர் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்: ஏற்றம், சரிவு, மீட்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லையும் ஆதாரமும்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் ஓர் இளம் தம்பதி 2006-இல் விலை பேசி, 2007-இல் குடியேறி, 2018-இல் விற்றுவிட்ட ஒற்றைப் படுக்கையறை அடுக்குமாடி வீடு ஒன்றின் பன்னிரண்டு ஆண்டு வரலாறு இது. கணவர் கட்டட வடிவமைப்புப் பொறியாளர். மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர். இருவரும் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கணவரும் நானும் 2005 முதல் 2009 வரை ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் வேலை பார்த்தோம். அவர்கள் வாங்கிய வளாகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஏறக்குறைய அதே அளவுள்ள ஃபிளாட் ஒன்றில் நான் வாடகைக்கு இருந்தேன். ஆகவே 2009 வரையிலான வாடகை எண்கள் என் சொந்த ரசீதுகளிலிருந்தும், விலை, கடன், பிந்தைய வாடகை ஆகியவை அவர்கள் காட்டிய கடிதங்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அவர்களுடைய வேண்டுகோளின்படி தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். வளாகம், வங்கி, கட்டுநர் ஆகியோரின் பெயர்களைத் தரவில்லை.

பின்னணி: 1996 முதல் 2006 வரை

அயர்லாந்தில் புதிய வீடொன்றின் சராசரி விலை, இன்றைய நாணயத்தில் சொன்னால், 1996-இல் ஏறத்தாழ 87,000 யூரோ; 2007-இல் அது ஏறத்தாழ 3,22,000 யூரோ. இந்த ஏற்றத்தின் முதற்பாதிக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. வேலைவாய்ப்பு பெருகியது, பிழைப்புத் தேடி வெளிநாடு போனவர்கள் திரும்பி வந்தார்கள், வீடு தேடும் வயதில் இருந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. 2003-ஐ ஒட்டித் தொடங்கிய இரண்டாம் பாதி வேறு வகையானது. யூரோ நாணயத்தில் சேர்ந்த பிறகு அந்நாட்டின் வட்டி விகிதத்தை ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி தீர்மானித்தது. மந்தத்தில் கிடந்த பெரிய நாடுகளை மனத்தில் வைத்து அது 2003 ஜூன் முதல் 2005 டிசம்பர் வரை விகிதத்தை 2 விழுக்காட்டில் நிறுத்தியபோது, ஏற்கெனவே விரைந்து வளர்ந்துகொண்டிருந்த அயர்லாந்துக்கும் அதே மலிவுக் கடன் வந்து சேர்ந்தது. உள்ளூர் வங்கிகள் வெளிநாட்டுச் சந்தைகளில் மொத்தமாகக் கடன் வாங்கி, அதை வீட்டுக் கடனாகவும் கட்டுநர் கடனாகவும் பிரித்துக் கொடுத்தன. 2005-இல் முன்பணமே கேட்காத நூறு விழுக்காட்டுக் கடன் அறிமுகமானது. முன்பு 20 அல்லது 25 ஆண்டுகளாக இருந்த தவணைக்காலம் 35 ஆண்டுகள் வரை நீண்டது.

தவணைக்காலத்தின் நீட்சியைப் பலர் கவனிக்கவில்லை என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாதம் 1,200 யூரோ செலுத்தக்கூடிய ஒருவருக்கு 4 விழுக்காட்டு வட்டியில் 25 ஆண்டுக்கு ஏறத்தாழ 2,27,000 யூரோ கடன் கிடைக்கும். 35 ஆண்டுக்கு 2,71,000 யூரோ கிடைக்கும். அவருடைய சம்பளம் ஒரு காசு உயராமலேயே அவர் கொடுக்கக்கூடிய விலை 44,000 யூரோ உயர்ந்துவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இப்படி உயரும்போது, அந்தத் தொகை வாங்குபவருக்கு மிஞ்சாமல் விலையில் ஏறி, கடைசியில் நிலத்தை வைத்திருந்தவரிடம் போய்ச் சேர்கிறது.

2006-இல், ஏறத்தாழ 42 இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்த நாட்டில் 90,000 அளவிலான வீடுகள் கட்டி முடிக்கப்பட்டதாக அன்றைய அரசுக் கணக்கு காட்டியது. ஆறு கோடி மக்கள் வாழ்ந்த பிரிட்டனில் அக்காலத்தில் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் அளவில்தான் கட்டப்பட்டன. வேலையில் இருந்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் கட்டுமானத் துறையைச் சார்ந்திருந்தார். இந்தக் கடைசித் தகவல்தான் இந்த நிகழ்வில் பின்னால் மிகவும் பொருள்பட்டது.

2006 வசந்தம்: வாங்குவதென்ற முடிவு

2006 ஏப்ரலில், நகரின் மேற்குப் புறத்தில் இன்னும் அடித்தளமே போடப்படாத ஒரு வளாகத்தில், 49 சதுர மீட்டர் பரப்புள்ள ஃபிளாட்டை 2,90,000 யூரோவுக்கு வாங்கத் தம்பதி ஒப்புக்கொண்டார்கள். வரைபடத்தைப் பார்த்து வாங்குவதுதான் அப்போது வழக்கம். விற்பனை தொடங்கும் நாளுக்கு முந்தைய இரவே மக்கள் வரிசையில் நின்றார்கள்; இவர்களும் அதிகாலை நான்கு மணிக்குப் போய் நின்றார்கள். சேமிப்பிலிருந்தும் மனைவியின் பெற்றோர் கொடுத்ததிலிருந்தும் 29,000 யூரோ முன்பணம் கட்டினார்கள். மீதி 2,61,000 யூரோவுக்கு 35 ஆண்டுக் கடன். இருவரின் ஆண்டு வருமானம் சேர்ந்து 68,000 யூரோ. வங்கி இதைவிடக் கூடுதலாகத் தரவும் அணியமாக இருந்தது. அதை ஏற்காமல், இரட்டைப் படுக்கையறை வீட்டைத் தவிர்த்து, சிறியதைத் தேர்ந்ததைத் தங்கள் நிதானத்தின் அடையாளமாகவே இருவரும் கருதினார்கள்.

முடிவுக்கான காரணங்களை அவர்கள் அன்று சொன்னபடியே பதிவு செய்கிறேன். வாடகையாகக் கொடுக்கும் பணம் திரும்பி வராது என்பது ஒன்று. இந்த ஆண்டு வாங்காவிட்டால் அடுத்த ஆண்டு எட்டாது என்பது இரண்டு. முந்தைய பத்து ஆண்டுகளில் இது ஒவ்வோர் ஆண்டும் உண்மையாகவே இருந்தது. வீடு என்பது ஏணி, முதற்படியில் காலை வைத்துவிட்டால் நான்கைந்து ஆண்டுகளில் விலையேற்றத்தைக் கொண்டு பெரிய வீட்டுக்கு ஏறிவிடலாம் என்பது மூன்று. அலுவலகத்தில் அவர் என்னிடம் கருத்துக் கேட்டபோது நல்ல முடிவு என்றே நானும் சொன்னேன். எங்கள் மேசைகளில் மூன்று ஆண்டுக்கான வடிவமைப்பு வேலைகள் குவிந்திருந்தன. அந்த வேலையே விலையேற்றத்தின் விளைவுதான் என்பதை நான் அன்று சேர்த்துப் பார்க்கவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அன்று யாரும் எழுதிப் பார்க்காத கணக்கு ஒன்று உண்டு. அத்தகைய ஃபிளாட்டுக்கு நான் கொடுத்த வாடகை மாதம் 1,000 யூரோ, அதாவது ஆண்டுக்கு 12,000. விலையோடு ஒப்பிட்டால் அது 4.1 விழுக்காடு. கடன் தொடங்கியபோது வட்டி மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 12,700 யூரோ. வளாகப் பராமரிப்புக் கட்டணம் 1,400 யூரோ. வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு வட்டிக்கும் கட்டணத்துக்குமே வாடகை போதாது என்றால், அந்த விலையைத் தாங்கி நிற்பது நாளைய விலையேற்றம் பற்றிய எதிர்பார்ப்பு மட்டுமே.

ஒப்பந்தத்துக்கும் சாவிக்கும் இடையே

ஒப்பந்தம் கையெழுத்தான நாளுக்கும் 2007 மார்ச்சில் சாவி கைக்கு வந்த நாளுக்கும் இடையில் வட்டி விகிதம் பல முறை உயர்ந்தது. 2006 டிசம்பர் இறுதியில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் (University College Dublin) பொருளியல் பேராசிரியர் மோர்கன் கெல்லி நாளிதழ்க் கட்டுரை ஒன்றில், மற்ற நாடுகளின் முன்அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அயர்லாந்தின் வீட்டு விலைகள் பணவீக்கத்தைக் கழித்த மதிப்பில் பாதியளவு சரியக்கூடும் என்று எச்சரித்தார். தம்பதி அதைப் படித்தார்கள். முன்பணத்தை விட்டுக்கொடுத்து விலகிவிடலாமா என்று ஒரு வாரம் பேசினார்கள். அவர்களுடைய வழக்கறிஞர், 29,000 யூரோ போவதோடு முடியாது என்றும், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரிக் கட்டுநர் வழக்குத் தொடரலாம் என்றும் சொன்னார். எச்சரிக்கை ஒரு பேராசிரியருடையது. மாற்றுக் கருத்தோ வங்கிகள், அமைச்சர்கள், விளம்பரப் பக்கங்கள் என எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. அவர்கள் விலகவில்லை. அன்று கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடைவெளியில் அவர்கள் எடுத்த ஒரு முடிவு மட்டும் தற்செயலாக நல்லதாக அமைந்தது. ஐந்தாண்டு நிலையான வட்டியையும் டிராக்கர் கடனையும் வங்கி முன்வைத்தது. டிராக்கர் என்பது ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தோடு ஒரு மாறாத கூடுதலைச் சேர்த்துக் கணக்கிடப்படும் கடன். இவர்களுக்கு அந்தக் கூடுதல் 1.1 விழுக்காடு. முதல் மாதத் தவணை சற்றுக் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக டிராக்கரைத் தேர்ந்தார்கள். முதல் தவணை 1,290 யூரோ.

2007, 2008: விலை குறைவதற்கு முன் தெரிந்தவை

டப்ளின் அடுக்குமாடி வீடுகளின் விலைக் குறியீடு 2007 பிப்ரவரியில் உச்சத்தைத் தொட்டது. அதாவது, இவர்கள் சாவி வாங்குவதற்கு முந்தைய மாதம். ஆனால் அது உச்சம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. விற்பனைப் பத்திரத்தில் உள்ள உண்மையான விலையைப் பொதுமக்கள் பார்க்க அன்று வழியே இல்லை. விற்பவர் கேட்கும் விலையை மட்டுமே செய்தித்தாள்களில் பார்க்க முடிந்தது. கேட்கும் விலை மெதுவாகத்தான் இறங்கும், ஏனென்றால் விற்பவர் தன் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன ஆண்டு கிடைத்ததை மறக்க மாட்டார்.

முதலில் குறைந்தது விற்பனைகளின் எண்ணிக்கை. 2007 கோடையில் அடுத்த கட்டத்துக்கான விற்பனை நாளில் வரிசை இல்லை. இலையுதிர் காலத்தில், முன்பு தனியாகப் பணம் வாங்கிய வாகன நிறுத்துமிடத்தைக் கட்டுநர் இலவசமாக்கினார். பின்னர் சமையலறைச் சாதனங்களும் படுக்கையறை மரச்சாமான்களும் சேர்ந்தன. விலைப் பட்டியலில் எண் மாறவில்லை. அந்த எண்ணுக்குக் கிடைக்கும் பொருள் கூடிக்கொண்டே போனது. இதுவே விலைக்குறைப்பு என்பதைத் தம்பதி உணர்ந்தது 2008 மே மாதம், தங்களுடையதைப் போன்ற ஃபிளாட் 2,45,000 யூரோவுக்கு என்று வளாகத்தின் வாசலிலேயே பலகை வைக்கப்பட்டபோதுதான். அவர்கள் செலுத்திய முன்பணம் அந்தப் பலகையோடு மதிப்பிழந்தது.

2008 ஜூலையில் மத்திய வங்கியின் விகிதம் 4.25 விழுக்காடானது, அவர்களுடைய தவணை 1,380 யூரோவாக உயர்ந்தது. செப்டம்பர் 30 அன்று அரசு தன் முக்கிய வங்கிகளின் வைப்புகளுக்கும் பெரும்பாலான கடன்களுக்கும், ஏறத்தாழ 44,000 கோடி யூரோவுக்கு, உத்தரவாதம் அளித்தது. அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் நான்கு திட்டங்கள் நிறுத்தப்பட்டன.

2009: வேலையிழப்பும் வங்கிக்கு எழுதிய கடிதமும்

2009 ஏப்ரலில் கணவர் வேலை இழந்தார். ஆகஸ்டில் நானும் இழந்து ஊர் திரும்பினேன். அரசு ஊழியர்களின் சம்பளத்தில் அவ்வாண்டு மார்ச் முதல் ஓய்வூதியப் பிடித்தம் வந்தது, 2010 ஜனவரியில் நேரடிச் சம்பளக் குறைப்பும் வந்தது. ஆக மனைவியின் வருமானமும் சுருங்கியது. அவர் அப்போது முதல் குழந்தையைச் சுமந்திருந்தார்.

வீட்டின் விலை குறைந்தது ஒரு துயரம், வேலை போனது இன்னொரு துயரம் என்று பலர் இவ்விரண்டையும் பிரித்துப் பேசுவார்கள். இந்தக் குடும்பத்தில் இரண்டும் ஒன்றேதான். கட்டுமானத்தில் சம்பளம் வாங்கிய ஒருவர் தன் முழுச் சேமிப்பையும் கட்டுமானத்திலேயே போட்டிருந்தார். சம்பளம் இருந்தபோது வீட்டை விற்கத் தேவை இல்லை. விற்கத் தேவை வந்தபோது வீட்டுக்கு விலை இல்லை. நகரில் அவரைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

மூன்று வழிகளை அவர்கள் எடை போட்டார்கள். விற்றால் அப்போதைய மதிப்பில் ஒரு இலட்சம் யூரோவுக்குக் குறையாமல் கடன் மிஞ்சும். சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு நடந்துவிடுவது அமெரிக்காவின் சில மாநிலங்களில் கடனைத் தீர்க்கும். அயர்லாந்தில் தீர்க்காது, மீதித் தொகை ஆளைத் தொடரும். அன்றைய சட்டப்படி திவாலானவர் அதிலிருந்து விடுபடப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். மூன்றாவது வழி, தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுவது. மனைவிதான் இதை வலியுறுத்தினார். வருமானம், செலவு, தேடிக்கொண்டிருக்கும் வேலைகள் ஆகியவற்றை இரண்டு பக்கங்களில் எழுதி, பன்னிரண்டு மாதங்களுக்கு வட்டியை மட்டும் செலுத்த அனுமதி கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் டிராக்கர் உதவியது. 2009 மே மாதத்துக்குள் மத்திய வங்கியின் விகிதம் 1 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்ததால் இவர்களுடைய வட்டி 2.1 விழுக்காடு மட்டுமே. முழுத் தவணை 900 யூரோவாகக் குறைந்தது. வட்டி மட்டும் என்றால் மாதம் 450 யூரோ கூட இல்லை. வங்கி அக்டோபர் முதல் ஓராண்டுக்கு ஒப்புக்கொண்டது. அதே வளாகத்தில் வேறொரு வங்கியிடம் சாதாரண மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்த ஒரு குடும்பத்துக்கு 2010, 2011 ஆண்டுகளில் வட்டி கூடிக்கொண்டே போனது, ஏனென்றால் அந்த வங்கி தன் இழப்பை மாற்றக்கூடிய வட்டியில்தான் ஈடுகட்ட முடிந்தது. ஒரே மாதிரிச் சுவர்கள், ஒரே அளவு விலைச் சரிவு. ஆனால் அந்தக் குடும்பம் தவணை தவறியது, இவர்கள் தவறவில்லை.

2011 முதல் 2013 வரை: சரிவின் அடி

2010 நவம்பரில் அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் உதவி பெற்றது. 2012 தொடக்கத்தில் வேலையின்மை ஏறத்தாழ 15 விழுக்காடு. விற்பனைகள் மிக அரிதாகிவிட்டதால் ஒரு ஃபிளாட்டின் விலை என்ன என்பதே தெரியாத நிலை ஏற்பட்டது. 2011 ஏப்ரலில் டப்ளின் ஹோட்டல் ஒன்றில் கடனில் மூழ்கிய சொத்துகள் பொது ஏலத்துக்கு வந்தபோது, கூட்டம் அரங்கத்துக்கு வெளியிலும் நின்றது. முதன்முறையாக எல்லோர் கண்முன்னும் விலைகள் அறிவிக்கப்பட்டன. 2012 செப்டம்பரில் விற்பனை விலைப் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அதில் தங்கள் வளாகத்தின் பெயரைத் தேடிய தம்பதி, கீழ்த்தளத்தில் இதே அளவு ஃபிளாட் ஒன்று 1,12,000 யூரோவுக்குப் போனதைக் கண்டார்கள். அப்போது அவர்களுடைய கடன் பாக்கி ஏறத்தாழ 2,40,000 யூரோ.

2013 தொடக்கத்தில் நாடு முழுவதும் விலைகள் உச்சத்திலிருந்து ஏறத்தாழ பாதியாகியிருந்தன. டப்ளினில் தனி வீடுகளைவிட அடுக்குமாடி வீடுகள் கூடுதலாக வீழ்ந்தன; அவற்றின் சரிவு 60 விழுக்காட்டைத் தாண்டியது. காரணம் எளிது. அந்நாட்டில் குழந்தைகளுள்ள குடும்பங்கள் தோட்டத்தோடு கூடிய தனி வீட்டையே நாடும் பழக்கம் உள்ளவை. சிறிய ஃபிளாட்டை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏணியின் முதற்படி தேடியவர்களும், வாடகைக்கு விட நினைத்த முதலீட்டாளர்களும். இரு சாராரும் வங்கிக் கடனை நம்பியிருந்தவர்கள். கடன் நின்றதும் இருவரும் ஒரே நாளில் சந்தையைவிட்டு விலகினார்கள். தனி வீட்டுக்குக் காத்திருந்த குடும்பமாவது எஞ்சியிருந்தது, ஃபிளாட்டுக்கு யாரும் இல்லை.

வாடகையும் குறைந்திருந்தது, ஆனால் விலை அளவுக்கு அல்ல. 2012-இல் அத்தகைய வீட்டுக்கு மாதம் 780 யூரோ கிடைத்தது. 1,12,000 யூரோ விலையில் அது ஆண்டுக்கு 8.4 விழுக்காடு, உச்சத்தில் இருந்ததைப் போல இரு மடங்கு. வாங்குவதற்கு மிகவும் பொருத்தமான காலம் அதுதான் என்று இன்று சொல்லிவிடலாம். ஆனால் அன்று வங்கிகள் கடன் தரவில்லை. கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் மட்டுமே வாங்கினார்கள். 2011 டிசம்பர் முதல் 2014 இறுதி வரை வாங்கி ஏழு ஆண்டு வைத்திருப்பவர்களுக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்ற சலுகையும் அவர்களுக்கே பயன்பட்டது.

வாடகைக்கு விடும் முடிவு

2012 இறுதியில் கணவருக்கு, கட்டுமானத்துக்குத் தொடர்பில்லாத ஓர் உற்பத்தி நிறுவனத்தில், முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில் வேலை கிடைத்தது. 2013-இல் இரண்டாம் குழந்தை பிறந்தது. 49 சதுர மீட்டரில் நான்கு பேர். தொட்டில் சமையலறை மேசைக்கு அருகில் இருந்தது. கடன் பாக்கி வீட்டின் மதிப்பைத் தாண்டி நிற்பது, தவணை கட்ட முடிகிறவரை, வெறும் தாளில் உள்ள எண்தான். நகர வேண்டிய நாள் வரும்போதுதான் அது பூட்டாகிறது. இவர்களுக்கு அந்த நாள் வந்துவிட்டது.

ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நகருக்கு வெளியே மாதம் 850 யூரோவுக்கு இரண்டு படுக்கையறை வீடொன்றை வாடகைக்கு எடுப்பதென்று முடிவு செய்தார்கள். இதில் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. தாமே குடியிருக்கும் வீட்டுக்காகத் தரப்பட்ட டிராக்கரை, வீடு வாடகைக்குப் போனதும் வங்கி விலக்கிக்கொள்ளக்கூடும். பலர் சொல்லாமலேயே வாடகைக்கு விட்டார்கள். இவர்கள் முதலில் கடன் ஒப்பந்தத்தின் விதிகளை வழக்கறிஞரிடம் காட்டி, பிறகு எழுத்தில் அனுமதி கேட்டார்கள். ஐந்து மாதங்களும் மூன்று நினைவூட்டல்களும் ஆயின. வட்டி மாறாது என்ற கடிதம் வந்த பிறகே வாடகைதாரரைச் சேர்த்தார்கள். பிற்காலத்தில், டிராக்கரைத் தவறாகப் பறித்த வங்கிகள் பற்றி நாட்டின் மத்திய வங்கி 2015-இல் தொடங்கிய ஆய்வில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் பாதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்த ஒரு தாளின் மதிப்பு அப்போது அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது.

வாடகை 800 யூரோ வந்தது, தவணை 890 யூரோ போனது. பராமரிப்புக் கட்டணம் தனி. வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. அன்றைய விதிப்படி வட்டியில் 75 விழுக்காட்டை மட்டுமே கழிக்க முடியும், செலுத்தும் அசலைக் கழிக்கவே முடியாது. எல்லாம் போக மாதம் ஏறத்தாழ 400 யூரோவைக் கைப்பணத்திலிருந்து போட்டார்கள். விரும்பி வீட்டு உரிமையாளர்களானவர்கள் அல்லர் இவர்கள். வேறு வழியில்லாமல் ஆனவர்கள்.

2014 முதல் 2018 வரை: மீட்சி

சரிவைப் போலவே மீட்சியும் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தது. கட்டுமானம் ஏறத்தாழ நின்றே போயிருந்தது. 2006-இல் 90,000 என்று கணக்குக் காட்டிய நாட்டில் 2013-இல் பத்தாயிரத்துக்கும் குறைவாகவே கட்டப்பட்டன. வேலைகள் தலைநகருக்குத் திரும்பின, வாடகை ஏறியது. 2014-இல் டப்ளினில் விலைகள் ஒரே ஆண்டில் 20 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தன. 2015 பிப்ரவரியில் நாட்டின் மத்திய வங்கி வரம்பு விதித்தது: வருமானத்தின் மூன்றரை மடங்குக்கு மேல் பொதுவாகக் கடன் கிடையாது, இரண்டாம் முறை வாங்குபவர் 20 விழுக்காடு முன்பணம் வைத்திருக்க வேண்டும். 2006-இல் இந்த விதி இருந்திருந்தால் 68,000 யூரோ வருமானத்துக்கு 2,38,000 யூரோவே கிடைத்திருக்கும். அந்த ஃபிளாட்டின் விலையும் வேறாக இருந்திருக்கும்.

2014-இல் விலை ஏறத் தொடங்கியதும் கணவர் 2,90,000 திரும்ப வரும்வரை காத்திருக்கலாம் என்றார். அந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் அவருடைய கணக்கில் இல்லை. மனைவி வேறு வரம்பை வைத்தார்: விற்பனைத் தொகை கடனையும் செலவையும் அடைக்கும் நாளில் விற்றுவிட வேண்டும். 2017 இறுதியில் மதிப்பு கடனைத் தாண்டியது. வாடகை உயர்வுக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு என்ற உச்சவரம்பு 2016 டிசம்பரில் வந்திருந்ததால், அவர்களுக்குக் கிடைத்த வாடகை சந்தை வாடகையைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. வைத்திருப்பதன் பயனும் அந்த அளவுக்குக் குறைந்தது. வாடகைதாரர் 2018 கோடையில் தாமாகவே வேறு ஊருக்கு மாறியபோது வீட்டை விற்பனைக்கு வைத்தார்கள்.

டப்ளினின் பொதுக் குறியீடு அப்போதும் 2007 உச்சத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாகவே இருந்தது. நாடு முழுவதற்குமான குறியீடு பழைய உச்சத்தைக் கடந்தது 2022-இல்; பணவீக்கத்தைச் சேர்க்காமலே பதினைந்து ஆண்டுகள்.

விற்பனையும் கணக்கும்

2018 அக்டோபரில் வீடு 2,18,000 யூரோவுக்கு விற்றது. கடன் பாக்கி 1,99,000. முகவர், வழக்கறிஞர் செலவு 6,000. கையில் கிடைத்தது 13,000 யூரோ.

முன்பணம் 29,000, செலுத்திய அசல் 62,000 என அந்த வீட்டில் அவர்கள் சேமிப்பாகப் போட்டது 91,000 யூரோ. அதில் 78,000 கரைந்தது. வாடகையாகக் கொடுப்பது திரும்பி வராது என்ற முதற்காரணத்தை இந்த எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும்: 2009-க்குப் பிறகு அவர்கள் செலுத்திய வட்டி, அதே வீட்டுக்கு வாடகை கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் தொகையில் ஏறத்தாழ பாதிதான். ஆகவே மொத்த இழப்பு 78,000-ஐவிடக் குறைவு. ஆனால் அந்தக் குறைவு முழுவதும் டிராக்கரால் வந்தது, வாங்கியதால் அல்ல.

அடுத்த வீட்டுக்கு 20 விழுக்காடு முன்பணம் தேவைப்பட்டது. மேலும் மூன்று ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்து சேர்த்து, 2021-இல் நகரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் 2,65,000 யூரோவுக்கு மூன்று படுக்கையறை வீடு வாங்கினார்கள். ஏணியின் இரண்டாம் படிக்கு நான்கைந்து ஆண்டு என்று நினைத்தது பதினான்காக ஆயிற்று. மூத்த குழந்தைக்கு அப்போது பதினோரு வயது.

மாற்றிச் செய்யக்கூடியவை

தம்பதியிடமும் என்னிடமும் இதற்கு ஒரே பதில் இல்லை. 2006-இல் வாங்காமல் இருந்திருக்க வேண்டும் என்கிறார் கணவர். வாங்கியதைவிட, ஐந்து ஆண்டில் போதாமல் போகும் வீட்டை வாங்கியதுதான் பிழை என்கிறார் மனைவி. இரட்டைப் படுக்கையறை வீடு இன்னும் அதிகமாக மதிப்பிழந்திருக்கும், ஆனால் சரிவு கடந்துபோகும்வரை அதிலேயே இருந்திருக்கலாம், வாடகை உரிமையாளர்களாக மாறி வரியும் கூடுதல் வாடகையும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. நான் மனைவியின் பக்கம்தான் சாய்கிறேன், ஒரு திருத்தத்தோடு: கட்டுமானத்தில் வேலை செய்பவருக்கு அந்தப் பெரிய கடன் இன்னும் ஆபத்தாக இருந்திருக்கும். அவருடைய வருமானத்தை விலக்கி, செவிலியரின் சம்பளத்தை மட்டும் வைத்துத் தவணையைக் கணக்கிட்டிருந்தால், வாங்கவே கூடாது என்று அந்தக் கணக்கே சொல்லியிருக்கும்.

மாற்ற வேண்டாதவையும் உண்டு. தவணை தவறும் முன் வங்கிக்கு எழுதியது, வாடகைக்கு விட எழுத்தில் அனுமதி வாங்கியது, வாங்கிய விலையைக் குறியாக வைக்காமல் கடன் அடைபடும் விலையில் விற்றது ஆகிய மூன்றும் மனைவியின் முடிவுகள். மூன்றையும் இருவரும் இன்று அப்படியே மீண்டும் செய்வார்கள்.

2021-இல் புதிய வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன், அவர்கள் அந்தத் தெருவின் விற்பனை விலைகளை ஆறு ஆண்டுக்குப் பதிவேட்டில் எடுத்து ஒரு தாளில் எழுதினார்கள். பக்கத்தில் அதே தெருவின் வாடகைகளை எழுதினார்கள். அதற்குக் கீழே, ஒருவர் சம்பளம் மட்டும் இருந்தால் எத்தனை மாதம் தவணை கட்ட முடியும் என்று எழுதினார்கள். கேட்கப்பட்ட விலை அந்தத் தாளோடு பொருந்தாத இரண்டு வீடுகளை உள்ளே போய்ப் பார்க்காமலே விட்டுவிட்டார்கள். வாங்கியது மூன்றாவது வீட்டை.